பொம்மி எடுத்த படம்: சேவுகம்பட்டித் தோப்பில் ஒரு மாலை

கீழ்ப்பழனி மலையடிவாரத்துக்கு எப்படிப் போவது, வத்தலக்குண்டு சுற்றிப் போகலாமா, செம்பட்டியில் பிரியலாமா என்று இந்த வலைப்பூவில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்தப் பாதையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே 1966 மாசி மாதம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதாமல் மற்றது வராது. வழி மட்டும் போதும் என்பவர்கள் கீழே தாவிப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு சேவைச் சங்கத்தில் டைப்பிஸ்ட். அதற்கு ஒன்றரை வருஷம் முன்பு வெளிநாட்டு அம்மாள் ஒருவர் எங்கள் சங்கத்துக்கு வந்து தங்கினார். சேவுகம்பட்டிக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் இருந்த, பளியர் என்னும் மலைவாழ் மக்களின் குடியிருப்புக்கு ஒரு சினிமா கேமராவைக் கொண்டுபோனார். "நான் எடுக்கப்போவதில்லை. நீங்களே உங்களை எடுங்கள், எங்கள் ஊரில் காட்டுகிறேன்" என்றார். சாவி கொடுத்து முடுக்குகிற கேமரா. பேச்சு பதியாது, கறுப்பு வெள்ளை. நாலைந்து பேர் ஆசைப்பட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். விடாமல் பிடித்துக்கொண்டது பொம்மி ஒருத்திதான். கிழங்கு தோண்டுவது, தேன் எடுக்கப் போவது, பிள்ளைகள் ஓடையில் குதிப்பது என்று முழுப் படத்தையும் அவளே எடுத்தாள்.

எடுத்த சுருள்கள் கழுவுவதற்கு பம்பாய் போய், அங்கிருந்தே கப்பல் ஏறிவிட்டன. குடியிருப்பில் ஒருவரும் ஒரு துண்டுகூடப் பார்க்கவில்லை. அடுத்து வந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு பொம்மி செத்துப்போனாள். முப்பது வயதுகூட இருக்காது.

அதற்குப் பிறகு அவள் புருஷன் வெள்ளையன் பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கு வர ஆரம்பித்தார். "படம் வந்துருச்சாம்மா?" என்பார். இல்லை என்றால் வாசலில் செத்த நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் நான்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, அவள்தானே படம் பிடித்தாள், அவள் முகம் எப்படி அதில் இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தெரியும்மா. மொகம் இருக்காது. நெழலு இருக்கும்" என்றார். ஒரு சாயங்காலம் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து அவள் எடுத்தாளாம். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்திருந்ததால், நடுவில் பொம்மி இரண்டு எட்டு முன்னால் வந்தபோது அவள் நிழல் நீளமாகப் பிள்ளைகள் காலடி வரைக்கும் விழுந்ததாம். "கொண்டையெல்லாம் தெரிஞ்சுச்சும்மா. ஒரு கையை எடுத்து மான் கொம்பு மாதிரி ஆட்டுனா. புள்ளைக அம்புட்டும் சிரிச்சுச்சு. அவளுக்குப் போட்டோ ஒண்ணும் கெடையாது. அது ஒண்ணுதேன்."

மாசியில் தகர டப்பாவில் சுருள் வந்து சேர்ந்தது. பல ஊர்களில் காட்டினோம், எல்லோரும் ரசித்தார்கள், ஒரு இடத்தில் கை தட்டி மறுபடி ஓட்டச் சொன்னார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? வெள்ளையனுக்கு உடனே ஆள் அனுப்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி பஸ். சங்கத்தின் புரொஜெக்டரை ஓட்டுகிற அந்தோணி துணைக்கு வந்தான். திண்டுக்கல் பையன், கெட்டிக்காரன், வாய் ஓயாது. டிக்கெட் எண்பத்தைந்து காசு. புரொஜெக்டர் பெட்டியைப் பார்த்ததும் கண்டக்டர், "ஏம்மா, இம்புட்டுப் பெரிய பொட்டியை எங்கிட்டு வைக்க? மேல போடவா?" என்றார். "மேல போட்டா நானும் மேலதாண்ணே ஏறணும்" என்று அந்தோணி மடியிலேயே வைத்துக்கொண்டான். செம்பட்டி தாண்டினால் இருபுறமும் தென்னை, வெங்காயம், நடுநடுவே கனகாம்பரம். இருபது மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த பஸ் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று டிரைவருக்கே தெரியாது.

குடியிருப்பில் கரண்டு இல்லை. அதனால் சேவுகம்பட்டிக்கு வெளியே ஒரு தோப்புக்காரரிடம் கேட்டு, அவருடைய மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுப்பதாக ஏற்பாடு. சாமானை மாட்டு வண்டியில் கொண்டுபோக இரண்டு ரூபாய் ஆனது. அங்கே போனால் அவர், "மோட்டாரை நிறுத்த ஏலாதும்மா, தண்ணி பாய்ஞ்சுக்கிட்டு இருக்கு" என்கிறார். மோட்டார் ஓடினால் புரொஜெக்டருக்கு வோல்டேஜ் பத்தாது. அந்தோணி கெஞ்சி, நான் முறைத்து, கடைசியில் அவர் வீட்டுப் பெண்கள் படம் பார்க்க ஆசைப்பட்டதால் ஏழு மணிக்கு நிறுத்த ஒப்புக்கொண்டார்.

இரண்டு தென்னைக்கு நடுவே தோப்புக்காரரின் வேட்டியைத் திரையாக இழுத்துக் கட்டினோம். அவர் வீட்டார் கட்டிலில். குடியிருப்பிலிருந்து வந்த முப்பது, நாற்பது பேர் மண்ணில். வெள்ளையன் யாரோடும் சேராமல் வேட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். புதுச்சட்டை போட்டிருந்தார்.

சுருளை மாட்டும்போது அந்தோணி விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தான். "அக்கா, ஏகப்பட்ட எடத்துல வெட்டி ஒட்டியிருக்காங்க."

"அதனால் என்ன?"

"ஆட்டம், மங்கல், நெழல் விழுந்தது, அதையெல்லாம் எடுத்துட்டு நல்லதை மட்டும் ஒட்டுவாங்க. வெளியூர்ல காட்டணும்ல. இதுல காப்பி கெடையாதுக்கா, வெட்டுனா வெட்டுனதுதான்."

வெள்ளையனிடம் சொல்லிவிடலாமா என்று நினைப்பதற்குள் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள், விளக்கு எரிந்துவிட்டது.

முதலில் இங்கிலீஷில் நாலு வரி எழுத்து. அப்புறம் ஓடை. பிள்ளைகள் பேர் சொல்லிக் கத்தினார்கள், கிழவர் ஒருவர் தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டார். தேன் எடுக்கிற இடத்தில் தோப்புக்கார வீட்டுப் பெண்கள் ஐயோ ஐயோ என்றார்கள். அழகான படம், சத்தியமாக. ஒவ்வொரு முகமும் நேரே பார்த்துச் சிரித்தது. அத்தனை சிரிப்பும் பொம்மியைப் பார்த்து.

பிள்ளைகள் வரிசையாக நிற்கிற இடம் வந்தது. வெள்ளையன் எழுந்தே விட்டார். வரிசை கட்டினார்கள், ஒருவரையொருவர் இடித்தார்கள், அடுத்த நொடி எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தது இல்லை. மண் வெறும் மண்ணாக இருந்தது.

அதற்கு அடுத்ததாக வந்தது வெள்ளையனேதான். கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்து, எரிச்சலோடு கையை வீசி, போடி என்று வாயசைக்கிறார். கேமரா நகராமல் நிற்கிறது. மண்கட்டியை எடுத்து எறிகிறார். மறுபடி போ, போ என்று விரட்டுகிறார். தோப்பே கொல்லென்று சிரித்தது. அயல்நாட்டில் கை தட்டி மறுபடி ஓட்டச் சொன்னது எந்த இடத்தை என்று எனக்கு அப்போது புரிந்தது. வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை.

பதினொரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெள்ளையன் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார், ஓட்டினோம். மூன்றாம் தடவைக்குத் தோப்புக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டார். அந்தோணி வெள்ளையன் பக்கத்தில் போய், வெட்டியதைப் பற்றி மெதுவாகச் சொன்னான்.

"ஏன் வெட்டுனாக?"

"தப்பா விழுந்திருக்குன்னு நெனச்சிருப்பாங்க அண்ணே. நெழலு விழக்கூடாதுன்னு ஒரு கணக்கு."

"தப்பில்லப்பா. அவதேன் அது" என்றார் வெள்ளையன். அப்புறம் என்னைப் பார்த்து, "நான் வெரட்டுனதை மட்டும் வச்சிருக்காகளே தாயி" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. பெட்டியைத் தூக்க அந்தோணிக்கு ஒரு கை கொடுத்தார்.

சரி, வழி. திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து வத்தலக்குண்டு பஸ்கள் அடிக்கடி உண்டு. சேவுகம்பட்டி போகிறவர்கள் பட்டிவீரன்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸா என்று கேட்டு ஏறுங்கள், கேட்காமல் ஏறினால் வத்தலக்குண்டிலிருந்து திரும்ப வேண்டும். முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மலைப் பக்கம் காலையிலேயே போய்விடுங்கள், மாசிக்குப் பிறகு பத்து மணி வெயிலே மண்டையைப் பிளக்கும். தண்ணீர் கொண்டுபோங்கள். குடியிருப்புகளுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள். கேட்டு, சரி என்றால் எடுங்கள். எடுத்ததை அவர்களிடம் காட்டாமல் ஊர் திரும்பாதீர்கள், உங்கள் கண்ணுக்கு நன்றாக வராததையும் சேர்த்துக் காட்டுங்கள். அந்தப் படம் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். சங்கத்தை மூடியபோது எந்தச் சாமானோடு போனதோ, எனக்குத் தெரியாது. வெட்டிய துண்டுகளை எங்களுக்காகக் கேட்டு இரண்டு தடவை கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறியதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஏழு மணி வண்டிக்காக ரோட்டோரம் நின்றோம். வெள்ளையன் அந்தப் புதுச்சட்டையோடேயே வழியனுப்ப வந்திருந்தார். ராத்திரி தூங்கியது மாதிரி தெரியவில்லை.

"மொதல்ல எழுத்து ஓடுச்சே தாயி, அதுல அவ பேரு இருக்கா?"

இல்லை என்றேன்.

"பெறகு என்ன எழுதியிருக்கு?"

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "மலை ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து, தங்களைத் தாங்களே எடுத்த படம்னு எழுதியிருக்கு."

"நாங்க அம்புட்டுப் பேருமா?" என்றார். "நான் எங்க தாயி எடுத்தேன்? நான் அவளை வெரட்டிக்கிட்டுல்ல இருந்தேன்."