கேரியரில் இரண்டு பலகைகள்

போன வாரம் திருமயம் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தபோது தேங்காய் மிட்டாய் வாசனை வந்தது. கடையில் தேங்காய் மிட்டாய் கிடையாது. தேங்காயே சட்னியில் பேருக்குத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசனை ஒரு வேனின் கூரையிலிருந்து வருகிறது. கேரியரில் சர்ஃப் போர்டுகள். கால் வழுக்காமலிருக்க அவற்றின்மேல் தேய்க்கும் மெழுகு வெயிலில் இளகிக்கொண்டிருந்தது. வேனுக்குள் மெத்தை, அடுப்பு, ஜன்னலுக்குத் திரை.

"தூரமா தம்பி?" என்றேன் ஓட்டி வந்த பையனிடம்.

அவன் விழித்தான். பிறகு ஃபோனைத் திருப்பிக் காட்டினான். "தனுஷ்கோடிண்ணே. நாளைக்கு அலை நல்லாருக்கும்னு போட்ருக்கு."

அலை கிளம்புமுன்பே அதன் வருகையைத் தெரிந்துகொண்டு போகிறார்கள். எனக்கு அத்தானின் ஞாபகம் வந்துவிட்டது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் போய் அலைமேல் நிற்கக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொள்கிற எதுவும் திங்கட்கிழமையைக் கெடுத்துவிடும். ஒரு சித்திரை மாதம் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பழைய வேன் ஒன்றைப் படுக்கை போட்ட வேனாக மாற்றி, கூரையில் இரண்டு பலகைகளோடு இலுப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்பதை விட மாப்பிள்ளை எதையோ ஏற்றி வந்திருக்கிறார் என்பதுதான் பேச்சு.

"மாப்ள, நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு கடல் இருக்குல்ல, அங்க ஒருத்தன்கூட இன்னும் பலகை போடலை. நாம போயி அலை ஏறக் கத்துக்குடுக்குற பள்ளிக்கூடம் ஒண்ணு ஆரம்பிப்போம்" என்றார் என்னிடம்.

ஏன் போடவில்லை என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நாங்கள் கண்மாய்க்காரர்கள். எங்கள் மாவட்டத்துக் கடலை நான் அதுவரை கருவாடாக மட்டுமே அறிந்திருந்தேன். அத்தான் மேப்பில் பார்த்திருந்தார். மேப்பில் எல்லாக் கடலும் ஒரே நீலம்தான்.

அக்கா பிடிகொடுக்கவில்லை. "ஒரு தடவ எனக்குக் காட்டுங்க. நடக்கும்னு எனக்குத் தோணுச்சுன்னா இங்கிட்டே இருந்துருவோம். இல்லைன்னா பேசாம சென்னைக்குப் போயிருவோம்." அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படியோர் ஆசை. கல்யாணமாகிப் போனபின் அவள் வருவதெல்லாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். வந்த மறுநாளே பையைக் கட்டுவாள். அதனால் அந்தப் பலகைகளை அத்தானைவிட நான்தான் பக்தியோடு கட்டினேன். அடியில் அக்காவின் பழைய சேலைகளை மடித்துப் போட்டு, மேலே கயிற்றை வைக்கோல் பாரத்துக்கு இறுக்குவதுபோல இறுக்கினேன். "வைக்கோல் இல்ல மாப்ள, நெளிஞ்சிரும்" என்று அத்தான் பதறினார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து மீமிசல் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிறவர் மொபெட்டில் வந்து சேர்ந்தார். கடற்கரையிலேயே பிறந்தவர். கேரியரை ஏற இறங்கப் பார்த்தார். வாய் துறுதுறுத்தது தெரிந்தது. ஆனால் கிளம்புகிறவனை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். எனவே அவர் முறைப்படி, "தூரமா?" என்றார்.

அத்தானும் முறைப்படி, "பக்கம்தான்" என்றார்.

கருவாட்டுக்காரர் மொபெட்டை ஓரங்கட்டி வழிவிட்டார்.

அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தியபோதும் இதே கதைதான். கூட்டம் கூடியது. ஒருவர் கோயில் கதவோ என்றார், இன்னொருவர் கல்யாண மண்டபத்து அலங்காரம் என்று அடித்துச் சொன்னார். எங்கே என்று மட்டும் ஒரு வாயும் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்கள். அந்த மரியாதையிலேயே மீமிசலைத் தாண்டிக் கரைக்கு வந்து சேர்ந்தோம்.

கடல் இருந்தது. அதில் குறையொன்றும் இல்லை. தட்டில் ஊற்றி வைத்த தண்ணீராக அசையாமல் கிடந்தது. அத்தான் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழம். நடந்தார். முழங்கால்தான். ஆள் சின்னதாகத் தெரியும்வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். அப்போதும் முழங்கால்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இன்னொரு பலகையில் மல்லாந்து கொஞ்ச நேரம் மிதந்தாள். எழுந்து வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். திரும்பும் வழியில், அறந்தாங்கி தாண்டியதும் கேட்டாள்.

"வேலைய விடுறதா எழுதிக் குடுத்துடலையே?"

"இல்ல" என்றார் அத்தான்.

அடுத்த வாரம் கருவாட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கும் வருத்தம்தான். "நம்ம கடல்ல கோடையில ஏதுங்க அலை? எங்கன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். கெளம்புற மனுசன எங்கன்னு எப்புடிங்க கேக்குறது?" ஒரு கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அத்தானுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. வீட்டிலிருந்து பார்த்தாலே அலை தெரியுமாம். கார் கேரியரில் பலகைகளைக் கட்டிப் படம் அனுப்புகிறார்; கயிறுகூட இல்லை, பட்டை பட்டையாக ஏதோ பூட்டியிருக்கிறது. கருவாட்டுக்காரர் வருவது நின்றுபோயிற்று. கிளம்புகிறவனை இப்போது எங்கள் தெருவிலேயே "எங்க போறீங்க?" என்று நேராகக் கேட்கிறார்கள், யார் காரியமும் கெட்டதாகத் தெரியவில்லை. அக்கா போகுமிடமெல்லாம் என் ஃபோன் மேப்பில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. கேட்கவே வேண்டியதில்லை.

அவர்கள் விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, அதே வேனின் கேரியரில் பெட்டிகளை அதே கயிற்றால் நான்தான் கட்டினேன். எங்கே போகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் முறைப்படி, "தூரமா?" என்றேன்.

அவள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"பக்கம்தான்டா."