கிணற்றுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே

அறுபட்ட முள்கம்பி தானாகச் சுருண்டுகொள்ளும். இழுத்துக் கட்டியிருந்த விறைப்பெல்லாம் போய் மணலில் கிடக்கும். அபுதாபிப் பாலைவனத்தில், ருவைஸ் நெடுஞ்சாலையிலிருந்து புதிய ஆலை ஒன்றுக்குப் பிரிந்துபோகும் கிளைச் சாலைக்கு வேலி போடும் வேலையில் நான் சைட் என்ஜினியராக இருந்த காலத்தில், என் காலைப்பொழுதுகள் அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் தொடங்கின. "சார், இன்னைக்கும் வெட்டிப்புட்டாய்ங்க" என்று ஃபோர்மேன் போனில் சொல்வார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். எந்த இடம் என்று நான் கேட்டதே இல்லை. எப்போதும் ஒரே இடம்தான்.

வெட்டியது யார் என்பதிலும் ரகசியம் எதுவும் இல்லை. சாலைக்குத் தெற்கே ஒட்டகப் பட்டி வைத்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர். எங்கள் ஆட்கள் அவரை அர்பாப் என்பார்கள், முதலாளி என்ற பொருளில். அவருடைய கிணறும் தண்ணீர்த் தொட்டியும் சாலைக்கு வடக்கே இருந்தன. சாலை வருவதற்கு முன்னால் ஒட்டகங்கள் மேய்ந்துவிட்டுத் தாமாகவே தொட்டிக்கு வந்து குடித்துவிட்டுத் திரும்புமாம். இப்போது நடுவில் ஆளுயரக் கம்பிவலை, அதன் மேல் மூன்று வரிசை முள்கம்பி. சாலையில் ஒட்டகம் ஏறினால் மனிதர் சாவார்கள் என்பதால் வேலி வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் ஒட்டகம் சாகும் என்பதால் வழி வேண்டும். இரண்டுமே நியாயமாக இருந்ததுதான் எங்களுக்கு வந்த வினை. நான் வரைபடத்தை விரித்துக்காட்டி விளக்கப் போன அன்று அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "பானி உதர், ஜமல் இதர்" என்றார், இந்தியும் அரபியும் கலந்து. தண்ணீர் அங்கே, ஒட்டகம் இங்கே. பிறகு என் காகிதத்தைச் சுட்டி, ஒட்டகத்துக்குப் படிக்கத் தெரியாது என்றார்.

எங்கள் வேலையை மேற்பார்வை பார்த்த கன்சல்டன்ட் ஓர் அமெரிக்கர். அவரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சிவந்த கழுத்து, உரத்த குரல், சீக்கிரம் வரும் கோபம். வெட்டிய இடத்தை ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பார், கம்பியின் நுனியை விரலால் தடவுவார், "திரும்பக் கட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார். மனிதருக்கு இரக்கமே கிடையாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மணல் காற்றில் வேலை நின்றுபோய் சைட் அலுவலகமாக இருந்த போர்ட்டா கேபினுக்குள் இருவரும் அடைபட்டுக் கிடந்தபோதுதான் பேசினார்.

அவர் ஊர் அமெரிக்காவின் நடுவிலுள்ள புல்வெளி. மரமே இல்லாத சமவெளி என்பதால் மேற்கே குடியேறப் போனவர்களுக்கு வேலி போட மரம் கிடைக்கவில்லையாம். கல்லும் கிடையாது. கிழக்கே ஒரு விவசாயி, காபிக்கொட்டை அரைக்கும் கைமெஷினைக் கொண்டு கம்பியில் முள்ளை முறுக்கிப் பார்த்தான். அந்தச் சின்ன யோசனை தொழிற்சாலைக்குப் போய், ரயிலேறி, சில வருடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டது. இவருடைய அப்பா வழிப் பூட்டன் அரசாங்கம் கொடுத்த நிலத்தில் முள்கம்பி கட்டியவர். அம்மா வழிப் பூட்டன் மாடு மேய்த்தவர். ஆற்றுக்குப் போகும் வழி அடைபட்டதும் அந்த வேலியை வெட்டியவர். "இரண்டு பேர் ரத்தமும் எனக்குள்ளதான் ஓடுது. ஆனா சாகிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே மேசையில உட்காரலை" என்றார். அதற்கும் முன்னால் அந்தப் புல்வெளியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். எழுந்து போய், காற்றில் அதிரும் ஜன்னலின் கொக்கியை இறுக்கினார். "எங்க வீட்டுல அதைப் பத்தி யாரும் பேசினதில்லை."

எனக்கு எரிச்சலாக வந்தது. "இவ்வளவும் தெரிஞ்சுமா தினமும் திரும்பக் கட்டச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சதாலதான். வெட்டுறவன் ஜெயிச்சு நான் கேள்விப்பட்டதே இல்லை."

அதன்பிறகு, வேலியை வெட்டாமலே ஒட்டகம் கடக்க வேண்டுமென்று நாங்கள் இருவருமே சுரங்கவழி கேட்டு அலைந்தோம். சாலைக்கு அடியில் ஒட்டகம் போகுமளவுக்கு ஒரு பெட்டிப் பாலம், அவ்வளவுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் எழுந்து சொல்வேன். தலைமை தாங்குபவர் "நோட்டட்" என்பார். அடுத்த கூட்டத்திலும் "நோட்டட்". வடிவமைப்பாளர் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அவரோ ஆலைத் தரப்பைக் கேட்கச் சொன்னார். ஆலைத் தரப்பு, அது சாலைத் தரப்பின் வேலை என்றது. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றட்டுமே என்றார் ஒரு குளிரூட்டிய அறைக்காரர். கிணறு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பதை அவர் வந்து பார்த்ததில்லை.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் அது நடந்தது. வெட்டிய இடைவெளியில் நுழைந்த பெண் ஒட்டகம் ஒன்றின் மேல் எங்கள் கம்பெனி பிக்கப் மோதியது. டிரைவருக்கு இரண்டு காலும் முறிந்தது. ஒட்டகம் சினையாக இருந்தது. நாங்கள் போனபோது அர்பாப் அதன் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. டிரைவரைத் தூக்கிப்போனார்களா, உயிருக்கு ஆபத்து இல்லையே என்று மட்டும் கேட்டார். அமெரிக்கர் தொப்பியைக் கழற்றி அவர் பக்கத்தில் நின்றார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

மறுநாள் அமெரிக்கர் ஃபோர்மேனைக் கூப்பிட்டு, மிச்சக் குழாய்களை வைத்து ஒரு கேட் செய்யச் சொன்னார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வெல்டிங் முடிந்ததும் இருபுறமும் எச்சரிக்கைப் பலகை நட்டோம். பூட்டின் சாவியை அர்பாப் கையில் அமெரிக்கரே கொடுத்தார். அன்றிலிருந்து மாலையில் இரண்டு ஆட்கள் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்துவார்கள், ஒட்டகங்கள் வரிசையாகக் கடக்கும், கேட் மூடப்படும். வேலி ஒருநாளும் வெட்டப்படவில்லை. "இம்புட்டுத்தானா சார் விஷயம்?" என்றார் ஃபோர்மேன். இவ்வளவுதான் விஷயம்.

பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர்கள் வரைபடத்தில் இல்லாத கேட் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வெட்டப்பட்ட வேலியை ஒருமுறைகூட வந்து பார்க்காதவர்கள், அந்தக் கேட்டைப் பார்க்க மூன்று வண்டிகளில் வந்தார்கள். அமெரிக்கரை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கேட்டை அகற்றி வேலியைத் தொடர்ச்சியாக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. எதிர்த்து எழுதினேன். "நோட்டட்" என்று பதில் வந்தது.

நாங்கள் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது அர்பாப் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று எங்கள் ஆட்கள் ஒதுங்கினார்கள். அவர் கையில் காவா என்னும் அரபுக் காபி நிறைந்த பிளாஸ்க் இருந்தது. ஃபோர்மேனில் தொடங்கி எல்லாருக்கும் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து "கலாஸ்" என்றார். முடிந்தது. அந்த மாதமே ஒட்டகங்களை விற்றுவிட்டு மகனோடு நகரத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. வேலிப் பராமரிப்பு அறிக்கையில் அந்தப் பகுதி இப்போது பிரச்சினை இல்லாத பகுதி.

இன்று அபுதாபியில் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். பாலைவனத்தில் எந்தச் சாலை வரைபடம் என் மேசைக்கு வந்தாலும், கிணறு இருக்கும் இடம் விசாரித்து ஒட்டகங்கள் போக ஒரு கடவையை வரைந்து அனுப்புகிறேன். சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். மறுபடி வரைகிறேன். போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் பொறுமை இழந்து கேட்டுவிட்டாள்: "எப்படியும் அடிச்சுத்தான் அனுப்புவாங்க. எதுக்கு சார் ஒவ்வொரு தடவையும் போடறீங்க?"

"அடிக்கட்டும்மா. அடிக்கிறவங்க அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல பேரெழுதிக் கையெழுத்துப் போட்டு அடிக்கட்டும்."