துணைத்தலைவருக்கு எத்தனை மெனு

எதையும் வரிசை போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். பேரையூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் இணையதளம் என் கைக்கு வந்தபோது எழுதிய முதல் வரிசை இது: தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைகிறவர்கள் நான்கு பேர், பாஸ்வேர்டு ஒன்று, அது எழுதப்பட்டிருக்கும் இடம், மண்டபத்து ஆபீஸில் தொங்கும் காலண்டர்.

எங்கள் ஆபீஸ் சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே வற்றல் மூட்டை இறங்கினால் மேலே எல்லாரும் தும்முவோம். அப்படித் தும்மிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் மண்டபத்து ஆபீஸ் அக்கா படியேறி வந்தார். முகூர்த்தத் தேதிகளைப் பதிவது, சாவி கொடுப்பது, பந்தி முடிந்ததும் கூட்டச் சொல்வது எல்லாம் அவர்தான்.

"பாப்பா, தையில ஒரு பொண்ணு வீட்டுக்குத் தேதி பதிஞ்சு வச்சேன். நாந்தேன் என் கையால பதிஞ்சேன். போய்ப் பாத்தா காணோம். அவுக பத்திரிகையே அடிச்சுட்டாக. கமிட்டில என்னையக் கூப்பிட்டு, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்னுட்டாங்க."

"யாரு அழிச்சதுக்கா?"

"அதத்தேன் ஒன்னையக் கேக்க வந்துருக்கேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. நால்வரும் ஒரே பெயரில் நுழைந்தால் கணினிக்கு நால்வரும் ஒருவரே. அக்காவின் வேலை அந்த ஒரு பாஸ்வேர்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனவே ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று பிரித்தேன். அவரவர் வேலைக்கு வேண்டிய மெனு மட்டும் அவரவர் திரையில் தெரியும்படி செய்தேன். அக்காவுக்கு முன்பதிவு. செயலாளருக்கு அறிவிப்புகள், புகைப்படங்கள், இன்னும் இரண்டு. தலைவருக்கு நிகழ்ச்சிப் பட்டியல், பார்ப்பதற்கு மட்டும். துணைத்தலைவருக்கு என்ன வேலை என்று அக்காவிடம் கேட்டேன்.

"தலைவரு வராத அன்னைக்கு அவரு வருவாரு."

"தலைவர் எப்ப வர மாட்டாரு?"

"இதுவரைக்கும் அப்படி ஒரு நா வரல."

துணைத்தலைவருக்கு ஒரே ஒரு மெனு வைத்தேன். அதில் தன் புகைப்படத்தைத் தானே மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக, யார் எப்போது நுழைந்து என்ன செய்தார் என்று தானாகவே குறித்துக்கொள்ளும் பதிவுப் பக்கம் ஒன்றை அக்காவுக்கு மட்டும் காட்டினேன்.

இரண்டே நாளில் துணைத்தலைவர் போனில் வந்தார்.

"ஏம்மா, செயலாளருக்கு நாலு இருக்காம்ல. எனக்கு ஒன்னுதேனா?"

"உங்களுக்கு என்ன வேலை செய்யணும்ணே? சொல்லுங்க, சேத்துருவோம்."

"வேலையில்லம்மா. மெனு."

கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு இறங்கினால் பந்தியில் உட்காராமலே திரும்பிப் போகிற ஊர் இது. அதே கண்ணோடு மெனுவையும் பார்ப்பார்கள் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மறுநாள் தலைவர் வந்தார். "ஆபீஸ் பிள்ளைக்கு ரெண்டு இருக்கு, எனக்கு ஒன்னு. அம்புட்டுத்தேன் நம்ம மருவாதையா?"

நான் மெனு தயாரிக்க ஆரம்பித்தேன். தலைவருக்குத் 'தலைமைப் பார்வை'. தொட்டால் அந்த வாரத்து நிகழ்ச்சிகள் பெரிய எழுத்தில் வரும். அடியில் 'பார்த்தேன்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால், அமுக்கியதாகப் பதிவாகும், வேறொன்றும் ஆகாது. துணைத்தலைவருக்குத் 'துணைத் தலைமைப் பார்வை'. அதே பக்கம்தான், எழுத்து மட்டும் கொஞ்சம் சிறிது. சிறிதாக்கச் சொன்னவர் தலைவர். கணக்கு கடைசியில் இப்படி நின்றது: தலைவருக்கு ஆறு, மற்ற இருவருக்கும் ஐந்து ஐந்து. அக்காவுக்கு இரண்டு. அக்கா போன் செய்யவே இல்லை.

வைகாசியில் ஒரு நாள் செய்தார். "பாப்பா, ஆவணித் தேதி ஒன்னக் காணோம். மத்தியானம் கமிட்டி கூடுது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். முந்தைய நாள் காலை, டீ குடிக்கும் நேரத்தில், துணைத்தலைவர் அழித்திருந்தார். ஆனால் முன்பதிவு மெனுவே அவர் திரையில் கிடையாதே? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் மெனுவைத்தான் மறைத்திருந்தேன். அதன் பின்னால் இருக்கும் பக்கத்தைப் பூட்டவில்லை. அவர் பழைய நாளிலேயே அந்தப் பக்கத்தைப் போனின் முகப்பில் ஒரு ஐகானாக வைத்திருந்தார். முதல் வருடத்து மாணவி செய்கிற தவறு. அந்தப் பக்கத்தைப் பூட்டினேன், அழிந்த தேதியைத் திரும்ப ஏற்றினேன், பேரையூருக்கு பஸ் பிடித்தேன்.

சாம்பார் வாசம் போகாத சாப்பாட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, பூட்டாம விட்ட தப்பு என்னோடது. அழிச்சது அக்கா இல்ல" என்று லேப்டாப்பைத் திருப்பினேன். அக்கா குனிந்து வாய்விட்டுப் படித்தார். பெயர், தேதி, நேரம்.

துணைத்தலைவர் அசரவில்லை. "சட்டப் பைக்குள்ள போனு அமுங்கிருக்கும்."

"அழிக்கவான்னு ரெண்டு தடவ கேக்கும்ணே."

"ரெண்டு தடவையும் அமுங்கிருக்கும்."

"ஒங்க சட்டப் பைக்குப் படிக்கத் தெரியுமாக்கும்?" என்றார் செயலாளர்.

பிறகு உண்மை வந்தது. டீக்கடையில் அவருடைய மாப்ள, "அம்புட்டு மெனுவும் பொம்மையாம்ல?" என்று சீண்டியிருக்கிறார். பொம்மை இல்லை என்று காட்ட ஒன்றை அழித்துக் காட்டியிருக்கிறார். தைத் தேதிக்கும் இதுதான் காரணமா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆனால் துணைத்தலைவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதிவை மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். "இங்க பாருங்கப்பா, செயலாளரு அவரு போட்டாவப் பதினோரு தடவ மாத்திருக்காரு." செயலாளர் எட்டிப் பார்த்தார். "தலைவரு 'பார்த்தேன்'ன ஒரு நாகூட அமுக்கலையே."

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஆபீஸ் பிள்ள மேல குத்தமில்ல. அது இருக்கட்டும். ஆனா தாயி, இந்தப் பதிவு மெனு ஆகாது. எடுத்துரு. யாருக்கும் தெரியக் கூடாது."

ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு தீர்மானம் ஒரே குரலில் நிறைவேறியதை அன்றுதான் முதலில் பார்ப்பதாக அக்கா பிறகு சொன்னார். அங்கேயே உட்கார்ந்து அக்காவின் திரையிலிருந்து அந்த மெனுவை எடுத்தேன்.

மெனுவை மட்டும்தான்.

பஸ் ஸ்டாப்பில் அக்காவின் போனை வாங்கி, அந்தப் பதிவுப் பக்கத்தை முகப்பில் ஓர் ஐகானாக வைத்தேன். "என்ன பேரு வைக்கக்கா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"கோலம்னு வையி. அவுக யாரும் தொறக்க மாட்டாக."