கிள்ளான் கிளைக்குப் போட்ட பூட்டு

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு மகளாகப் பிறந்த கனகேஸ்வரி, யாரிடமும் குழைந்து பேசிப் பழகியவள் அல்ல. பங்சாரில் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். கணினியைத் தானாகவே கற்றுக்கொண்டு, 1996இல் நான்கு கிளைகளுக்கும் பொதுவான ஒரு டேட்டாபேஸை உருவாக்கினாள். கிளைக்கு ஒரு பிரதி. வெள்ளிக்கிழமைதோறும் கிளைகள் அனுப்பும் டிஸ்கெட்டுகளைத் தலைமை அலுவலகத்தில் அவள்தான் ஒன்றாகச் சேர்ப்பாள். நான்கும் ஒரே அமைப்பில் இருந்தால்தான் சேரும்.

கிள்ளான் கிளை மேலாளர் பழனியப்பன் ஒரு மாதம் கணினி வகுப்புக்குப் போய் வந்தவர். அவள் செய்ததை டிசைனில், அதாவது கட்டங்களையே மாற்றக்கூடிய பகுதியில், திறந்து இஷ்டத்துக்கு மாற்றினார். கிள்ளான் டிஸ்கெட் சேரவில்லை என்று அவள் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், டைப் அடிக்க வந்தவள் தனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று ஊழியர்கள் காதுபடச் சொல்வார்.

மறு ஆண்டு மார்ச்சில், கிள்ளான் கிளை அனுப்பிய, காலாவதியான குழந்தைகள் காய்ச்சல் மருந்துப் பெட்டி ஒன்றை ஒரு கிளினிக் திருப்பி அனுப்பியது. புரோகிராம் எச்சரிக்கவில்லை, கனகேஸ்வரியின் வேலை சரியில்லை என்று பழனியப்பன் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளி ராதாகிருஷ்ணன் எல்லார் முன்னிலையிலும் அவளைத் திட்டினார். அவள் பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்க் கோப்பைத் திறந்து பார்த்தாள். காலாவதித் தேதிக்கான கட்டமே இல்லை. பதிய நேரமாகிறது என்று பழனியப்பன் சென்ற வெள்ளிக்கிழமைக்குப் பின் அதை அழித்திருந்தார்.

அடுத்த வாரம் எல்லாக் கிளைகளுக்கும் புதுக் கோப்பு போனது. விவரங்களைப் பதியலாம், தேடலாம், அச்சிடலாம். டிசைனைத் திறக்க முடியாது. ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு உள்ளே நுழையும் குறுக்கு வழியையும் அடைத்திருந்தாள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு அவளிடம் மட்டும் இருந்தது.

இரண்டே நாளில் பழனியப்பன் பங்சார் தலைமை அலுவலகத்துக்கு வந்து அவள் மேசைமுன் நின்றார்.

“என் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எனக்கே பூட்டா? ஒரிஜினல குடு லா.”

“கம்ப்யூட்டர் உங்களோடது. உள்ள இருக்கிறது நாலு கிளைக்கும் பொது. தர மாட்டேன்.”

அவர் நேரே முதலாளியிடம் போனார். இருபது வருடம் உழைத்தவர் என்பதால், மூலக் கோப்பைக் கொடுத்துவிடும்படி முதலாளி அவளுக்கு உத்தரவிட்டார். அவள் ஒரு பக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். இனிக் கிள்ளானிலிருந்து போகும் மருந்தின் தேதியில் தவறு நேர்ந்தால் பழனியப்பனே பொறுப்பு என்று அதில் இருந்தது. முதலாளியின் மேசையில் அதை வைத்து, மூலக் கோப்பு இருந்த டிஸ்கெட்டை அதன்மேல் வைத்தாள்.

“கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்குங்க.”

முதலாளி பேனாவை நீட்டினார். பழனியப்பன் இரண்டு முறை படித்தார். பிறகு தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வெளியேறினார். பூட்டு அப்படியே இருந்தது. அந்த ஆண்டு அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் வரவில்லை.

அதன்பின் அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் இறங்கி வரவில்லை. கிள்ளானிலிருந்து எழுத்தில் வந்த நியாயமான திருத்தக் கோரிக்கைகளைக்கூட வாரக்கணக்கில் மேசைத் தட்டில் கிடக்கவிட்டாள். அது தவறு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் செய்தாள்.

1999இல் பழனியப்பன் ஓய்வு பெற்றபோது கிள்ளான் ஊழியர்கள் விருந்து வைத்தார்கள். கனகேஸ்வரிக்கும் அழைப்பு வந்தது. அவள் போகவில்லை.