கீழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு தனி அடுப்பு

2022 அக்டோபர் 8, புரட்டாசிச் சனிக்கிழமை. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் அன்றும் நாலரை மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். புளிசாதம் கிளறி ஆறவைத்து மூன்று டப்பாக்களில் கட்டினேன். கணவர் இட்லி சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் மகளை மட்டும் இரண்டு முறை எழுப்ப வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய வருடம் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். அவர் பிழைத்து வந்தால், கல்வராயன் மலையில் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு மூன்று பேரும் பஸ் ஏறாமல் அடிவாரத்திலிருந்து நடந்தே வருகிறோம் என்று. சாமி பார்க்கும்வரை வெளியில் கை நனைப்பதில்லை என்பதையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

வடக்கனந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கடையில் டீயும் பன்னும் சாப்பிட்டோம். அப்போது விரதம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. பிறகு, ரோடு போடுவதற்கு முன் மலைக்காரர்கள் இறங்கி ஏறிய பழைய ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தொடங்கினோம்.

எதையும் ஒழுங்காக வைப்பது என் பழக்கம். துணி ஒரு பையில், சாப்பிடும் பொருள் எல்லாம் இன்னொரு பையில். புளிசாதம், பிஸ்கட், கணவருக்குத் தலை சுற்றினால் கொடுக்க வெல்லக்கட்டி எல்லாமே அந்த ஒரே பையில்தான் இருந்தன. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நான்தான் இருவரையும் நடக்க வைத்தேன். பாறைக்குப் போவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை சாய்வாக அடித்தது. காற்றில் மரக்கிளைகள் முறிந்து பாதையில் விழுந்தன. கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த ஓடை, நாங்கள் பாதி கடக்கும்போதே முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. மகள் வழுக்கியபோது கணவர் இரண்டு கையாலும் அவளைப் பிடித்தார். அவர் தோளில் இருந்த சாப்பாட்டுப் பை தண்ணீரோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் நடந்தோம் என்று தெரியாது. சரிவில் தகரம் போட்ட ஒரு வீடு தெரிந்தது. என் வயதுள்ள ஒரு பெண் வாசலில் நின்று எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவருடைய வீட்டுக்காரர் தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குப் போயிருந்தார். அந்தப் பெண்ணும் நான்கு ஆடுகளும்தான் வீட்டில். ஆடுகளை ஒரு மூலைக்குத் தள்ளிக் கட்டிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார், துவட்டிக்கொள்ளத் தன் புடவையைக் கொடுத்தார். பிறகு அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி, சாமைக் கஞ்சி சூடாக இருக்கிறது, குடியுங்கள் என்றார்.

நான் விரதம் என்றேன். சாமி பார்க்காமல் வெளியில் சாப்பிடுவதில்லை என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வெளிய மூணு கல்லு போட்டு அடுப்பு வெச்சிருக்கனுங்க. கீழ்நாட்டுக்காரங்க வந்தா அதுலதான் அவங்களே காய்ச்சிக்குவாங்க. இன்னைக்கு அது தண்ணில கெடக்குது. இல்லன்னா வெறகு குடுத்திருப்பன்" என்றார், ஒரு குறையும் இல்லாத குரலில்.

கீழ்நாட்டுக்காரர்கள் என்றால் நாங்கள்தான், மலைக்குக் கீழே இருப்பவர்கள். அவர் வீட்டு அடுப்பில் வெந்ததைச் சாப்பிடாதவர்களுக்காக அவரே ஓர் அடுப்பு வைத்திருக்கிறார். அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'பரவாயில்லைங்க' என்று மட்டும் சொன்னேன்.

சுவரில் சாய்ந்திருந்த கணவர் குளிரிலும் வியர்த்துக் கொட்டினார். கை நடுங்கியது. மகள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். காலையில் போட்ட மாத்திரை உள்ளே வேலை செய்கிறது, பன்னுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மழை கொஞ்சம் விடட்டும், கோயில் பக்கத்தில்தான் இருக்கும் என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். "காலைல கடையில டீ குடிச்சியேம்மா. அந்த ஆளு இன்னா ஆளுன்னு கேட்டுக்கினா குடிச்ச?"

அந்தப் பெண்ணின் முன்னால்தான் கேட்டாள். அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

விரதம் என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்த வசதிக்காகத்தான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். மகள் காத்திருக்கவில்லை. கஞ்சியை வாங்கி அப்பாவுக்கு ஊட்டினாள். அந்தப் பெண் வெல்லத்தை இடித்துப் போட்டு வரக்காப்பி வைத்துக் கொண்டுவந்தார். "மயக்கம் வர்ற மனுசனுக்கு இன்னாங்க விரதம்?" என்று என் கணவரிடமே சொல்லி, வாயில் சாய்த்துக் குடிக்க வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கணவருக்குப் பேச்சு தெளிந்தது. எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். காப்பி இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்டார். "சக்கரைக்காரருக்கு இதுக்கு மேல குடுத்தா உங்க வூட்டம்மா என்னைத் திட்டும்" என்று அந்தப் பெண் சிரித்தார். மகளும் சிரித்தாள். நான் நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தேன்.

மழை விடவில்லை, அங்கேயே தங்கினோம். இருட்டியதும் அவர் மறுபடி சமைத்தார். கணவரும் மகளும் சாப்பிட்டார்கள். எனக்குப் பசியில்லை என்றேன். உண்மையில் அது வெட்கம். ஆனால் அவருக்கு அது விரதமாகத்தான் தெரிந்திருக்கும். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. எங்களைப் போல எத்தனை பேர் அந்த வாசலுக்கு வந்திருந்தால் ஒருவர் இரண்டாம் முறை கேட்காமல் இருக்கப் பழகுவார் என்று படுத்தபடி யோசித்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், அடுப்பருகில் போய் உட்கார்ந்து, நேற்றைய கஞ்சி மீதி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தட்டை எடுத்தார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தட்டுதான். அதை வாசலுக்குக் கொண்டுபோய், என் கண்ணுக்குத் தெரியும்படி நின்று, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். வேண்டாங்க, அப்படியே கொடுங்கள் என்று நான் சொல்வதற்குள் இன்னொரு முறையும் கழுவிவிட்டார். கஞ்சியை முழுக்கக் குடித்தேன். ஆனால் அந்தத் தட்டை அவரை மறுபடி மறுபடி கழுவ வைத்தது நான்தான் என்பது மட்டும் இன்றுவரை உள்ளே இறங்கவில்லை.