பச்சைப்பயறு ஈரல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் வெங்காயம் வதங்கும் வாசனை எழுந்ததுமே பெரியப்பா ஜன்னல் கதவுகளைச் சாத்தச் சொல்லிவிடுவார். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் எங்கள் வீடு. தெரு முழுக்கத் தறிகள். எல்லாரும் ஒரே ஜனம், ஏதோ ஒரு வழியில் எல்லாரும் சொந்தம். ஆனாலும் எங்கள் வீடும் இன்னும் இரண்டொரு வீடுகளும் மட்டும் சைவம். தாத்தா சிவதீட்சை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து கறியோ மீனோ எங்கள் வாசற்படி ஏறியதில்லை. பெரியப்பாவும் தீட்சை வாங்கியவர். தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்தில் நடப்பார். நடந்துகொண்டே, எதிர்வீட்டில் தலைக்கறி, மூலைவீட்டில் குடல் என்று முகத்தைச் சுளித்தபடி சொல்லுவார். ஒருநாளும் தப்பியதில்லை. சாத்திய ஜன்னலையும் பொத்திய மூக்கையும் தாண்டி அவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெரியப்பாவுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பட்டு நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். தறியிலிருந்து அறுத்த புடவையை விரித்தால் அவர் கண் நேராகக் குறையில் போய் நிற்கும். நல்லதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. குறை கண்ணில் பட்டுவிட்டால் சொல்லாமல் இருக்கவும் முடியாது. உற்சவத்தில் அம்மனைக் கும்பிட்ட கை இறங்குவதற்குள், அம்மன் புடவையின் கரையில் ஓர் இழை இழுத்திருக்கிறது என்று முணுமுணுத்தவர். ஆயிரக்கணக்கான புழுக்களைக் கொதிநீரில் போட்டெடுத்த நூல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அந்தக் கணக்கில் மட்டும் சைவத்தைப் பற்றிய பேச்சே எழாது.

நெய்து முடித்த புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரியப்பா ரயிலேறிப் பட்டணம் போவார். வெளியூர்ச் சாப்பாட்டை நம்ப முடியாது என்று பெரியம்மா புளிச்சோறு கட்டித் தருவாள். மறுநாள் திரும்பும்போது அவர் வாய் சிவந்திருக்கும். வீட்டில் வெற்றிலையைத் தொடாத மனிதர் பட்டணம் போனால் மட்டும் ஏலக்காய் மணக்க மணக்க வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். பெரியப்பா மகனுக்கு எங்கெங்கோ பெண் பார்த்து, கடைசியில் பெரியம்மா வழிச் சொந்தத்தில் தாமல் என்ற ஊரில் அமைந்தது. அவர்கள் வீட்டில் எல்லாம் சாப்பிடுவார்கள். ஏரி நிறைந்தால் மீன், விசேஷம் வந்தால் ஆடு. பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தாலி கட்டிய கையோடு, எரிகிற கற்பூரத்தின்மேல் கையடித்து இனி தொடமாட்டேன் என்று அண்ணி சத்தியம் செய்தாள். உள்ளங்கை சிவந்துபோயிற்றாம். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கறி தின்ற நாக்கு எங்கே போகும் என்று அவள் காதில் விழும்படியே சொல்லுவார்.

அந்த வருஷம் என் அம்மா தம்பியைப் பெற்றெடுக்கத் தாய்வீட்டுக்கு, தென்னேரிக்குப் போயிருந்தாள். அப்பா மாமனார் வீட்டுக்கும் தறிக்குமாக அலைந்துகொண்டிருந்தார். எனக்குத் தலை பின்னியது, சோறு பிசைந்து கொடுத்தது, தூங்கப்பண்ணியது எல்லாம் அண்ணிதான். அவள் மடியைத் தவிர எனக்கு வேறு இடம் கிடையாது என்றே சொல்லலாம்.

அப்போது அண்ணிக்கு மசக்கை. எதைத் தின்றாலும் வாந்தி. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். ஒரு மத்தியானம், எல்லாரும் தறியில் இருந்த நேரம், பச்சைப்பயறை ஊறவைத்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தோலோடு அரைத்தாள். சோம்பு, பூண்டு, மிளகாய் எல்லாம் சேர்த்து இட்லிப்பானையில் ஆவிகாட்டி, ஆறவைத்துத் துண்டு போட்டாள். கருப்பும் பழுப்புமாக இருந்தது.

"இன்னா அண்ணி இது?"

"ஈரல்மா. பயப்படாத, பயறு ஈரல். பொரட்டாசி மாசத்துல கறி ஆவாதுன்னு எங்கம்மா இத்ததான் செய்யும். நீ தின்னு பாத்து சொல்லு, ஈரல் மாதிரி இருக்குதா?"

நான் என்னத்தைக் கண்டேன்? நன்றாக இருக்கிறது என்றேன். அண்ணி ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். மசக்கையில் நாக்கு மரத்துப்போயிருந்தது. ருசி ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினாள். ஆசைப்பட்டுச் செய்ததைச் சரியாக வந்ததா என்று சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை. சைவக்காரர்களுக்குச் சைவ ஈரல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது கறி தின்கிறவர்கள் கண்டுபிடித்த பண்டம்.

வாசனை மட்டும் சுவர் தாண்டிப் போய்விட்டது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெரியம்மாவைக் கேட்டாள்.

"இன்னாக்கா, உங்க ஊட்லயே கறி வாசனை வருது? எப்போ மாறனீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அது பெரியப்பா காதுக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவர் தறியில் உட்கார்ந்தது பாதி, அடுப்பங்கரைப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு நடந்தது பாதி. அண்ணி தண்ணீருக்குப் போனால் பானைகளின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். பட்டு நூலை எலி கடிக்காமல் இருக்க வளர்த்த பூனை அடுப்பங்கரையில் படுத்தால், அது ஏன் அங்கே படுக்கிறது என்று கேட்பார். ஒருநாள் கொல்லையில் குப்பைக்குழியைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். எலும்பு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவர் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. ஈரலில் எலும்பு ஏது?

அண்ணிக்கு ஆசை அடங்கவில்லை. மறுபடியும் செய்தாள். தனக்கென்று தனியாகப் பொங்கித் தின்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பதால் எல்லாருக்குமாக, மிளகு அரைத்துவிட்டுக் குழம்பாகவே வைத்துவிட்டாள். பயறுதான் என்று பெரியம்மாவிடம் முன்னாலேயே சொன்னாள். பெரியம்மா அதை மத்தியானம் பெரியப்பா இலையில் பரிமாறினாள்.

பெரியப்பா சாப்பிடும்போது வழக்கமாகக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். உப்பு, புளி, பதம் என்று ஏதாவது ஒன்று வரும். அன்று பேச்சே இல்லை. கண்ணை லேசாக மூடிக்கொண்டு மென்றார். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது முறை கை இலையிலிருந்து வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"இது இன்னா?"

"பச்சப்பயறுங்க," என்றாள் பெரியம்மா.

"பயறா? யார்கிட்ட சொல்ற? இது ஆட்டு ஈரல்."

இலையை அப்படியே விட்டு எழுந்தார். கிணற்றடியில் குடம் குடமாகத் தலையில் கொட்டிக்கொண்டார். நெற்றி, மார்பு, கையெல்லாம் விபூதியைப் பூசிக்கொண்டு ஈர வேட்டியோடு கூடத்தில் வந்து நின்றார். தெருவில் போன மாட்டுவண்டியைக் கைதட்டி நிறுத்தச் சொன்னார். பெண்ணைத் தாமலில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், சத்தியத்தை மீறியவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றார். கர்ப்பமாயிருக்கிற பெண் என்று பெரியம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அரைக்கும்போது நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன், அது பயறுதான் என்று கத்தினேன். குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்றார். ஆட்டுக்கல்லில் ஒட்டியிருந்த பச்சை மாவைப் பெரியம்மா வழித்துக்கொண்டுவந்து காட்டினாள். அது கண்துடைப்பு என்றார். ஒரு துண்டை எடுத்துப் பூனைமுன் போட்டார்கள். அது மோந்து பார்த்துவிட்டு அப்பால் போய்ப் படுத்துக்கொண்டது. சைவ வீட்டில் தயிர்சோறு தின்று வளர்ந்த பூனைக்கு ஈரலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். எலி தின்கிற பூனை அது. ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அண்ணி அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் தறிக்குழிக்குள் காலை விட்டபடி ஊடு நூல் ஓட்டும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்துகொண்டே இருந்தான். பெண்டாட்டியை வண்டி ஏற்றப்போகிறார்கள், அவன் தறி ஓசை ஒரு தட்டுக்கூடத் தப்பவில்லை. அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த கோபம் அவன் செத்த பிறகும் முழுசாகத் தீரவில்லை.

"எனுக்குத் தெரியாதா?" பெரியப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "ஈரல் எப்டி இருக்கும்னு எனுக்குத் தெரியாதா? பல்லு பட்டதும் மெத்துனு உள்ள எறங்கும். அப்பால நடுவுல மணல் மாதிரி உதிரும். அந்தப் பதம் அப்டியே இருக்குது. பயறுன்னு கத சொல்றா!"

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. கல்யாணமாகி அதுவரை மாமனாரோடு அவள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுகை நின்றுபோயிருந்தது. குரலில் பயமும் இல்லை, வீம்பும் இல்லை.

"அந்த மணல் பதம் நெசமாவே வந்துச்சா மாமா? எனுக்கு நாக்கே தெரியலீங்க, அதான் கேக்கறேன்."

குறை நிறை கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர் அவர். புடவையை விரித்துக் காட்டினால் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்லிவிட்டார்.

"வந்துச்சி. பதம் சரியாத்தான் இருக்குது. கசப்புதான் பத்தல. ஈரல்னா கடேசீல நாக்குல ஒரு கசப்பு நிக்கணும். இதுல அது இல்ல."

அண்ணனின் தறி நின்றது.

வாசலில் வண்டிமாட்டின் கழுத்துமணி மட்டும் கேட்டது. பெரியம்மா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் அவள் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. அவர் தறியில் கிடந்த புடவையின் கரையைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

"கசப்பு இல்லன்னா அது ஈரல் இல்லன்னு ஆய்டுச்சி," என்றாள் பெரியம்மா. வாசலுக்குப் போனாள். "வண்டி வாணாம்பா, நீ போ." உள்ளே வந்து அண்ணியைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, இலை போட்டு, அந்தக் குழம்பை அவளுக்குத் தானே பரிமாறினாள். ஈரலின் ருசி எப்படித் தெரியும் என்று பெரியப்பாவை அவள் அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பெரியப்பா பட்டணம் புறப்பட்டபோது கட்டுச்சோற்றில் புளிச்சோறு இல்லை. முந்தின நாளே பெரியம்மா அண்ணியிடம் சொல்லிப் பயறு ஈரல் செய்யவைத்திருந்தாள். கசப்புக்கு வெந்தயம் ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, இந்தத் தடவை சரியாக இருக்கிறதா என்று தின்று பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்தபோது அவர் வாயில் வெற்றிலை இல்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

இப்போது நினைத்தால் எனக்கு அண்ணியின் உள்ளங்கைதான் ஞாபகம் வருகிறது. கற்பூரத்தில் சுட்டுக்கொண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினவள் அவள். வண்டி வந்தது அவளுக்குத்தான். பெரியப்பா அவளிடம் ஒரு மன்னிப்பு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. வயிறு எரிகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு எரிந்த விஷயம் வேறு. கறியைத் தொடாத பெரியப்பாவுக்கு ஈரலின் பதம் தெரிகிறது, கசப்புத் தெரிகிறது. கறி தின்று வளர்ந்த அண்ணிக்கே அது மறந்துவிட்டது. நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தீட்சை வாங்கிக்கொண்டால் தின்னாத பண்டத்தின் ருசியெல்லாம் தானாகவே நாக்குக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. இவ்வளவு நல்ல விஷயத்தைப் பெரியவர்கள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை பெரியப்பா விபூதி குழைத்துக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் போய் நின்றேன்.

"பெரிப்பா, எனுக்கும் தீட்சை வாங்கிக் குடுங்க. ஈரல் எப்டி இருக்கும்னு எனுக்கும் தெரியணும்."

அவர் விரல்கள் நெற்றியில் பாதி வழியில் நின்றன. பெரியம்மா உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனுக்கு வாணாம்மா," என்றார் பெரியப்பா. அண்ணி மடியில் போய் விழுந்து, பெண்பிள்ளை என்பதால்தான் தரமாட்டேன் என்கிறார் என்று சொல்லி நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் பெரியப்பாவை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?