லூயிஸ் கிராணியின் கொடிமரம்

பக்கத்து வீட்டுக்காரரிடம் வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசாத ஒரு மனிதருக்கு, ஐம்பது மைல் தள்ளி இருக்கும் முகம் தெரியாத ஒருவரோடு பேச ஏன் அப்படி ஓர் ஆசை? லூயிஸ் கிராணியை அறிந்தவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். அவர் மனைவி பியாட்ரிஸ் தினமும் கேட்டாள்.

மலாயாவில் சிம்பாங் பூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணி, கணக்கெழுதுகிறவர். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. ஆட்கள் அதை நெட்டைத்துரை தோட்டம் என்றார்கள். நெட்டைத்துரை ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது இருந்த துரை குட்டை. விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது லூயிஸின் வேலை. ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வரும் சொற்களில் முக்கால்வாசி பிறருடைய பெயர்கள்தாம்.

தோட்டத்துக்கு வரும் முன் ஆறு வருடம் ஈப்போ ரயில் நிலையத்தில் தந்தி அடித்தவர். அதை அவர் மறந்துவிட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். 1928இல் மாதா கோயில் சபையார் எல்லாரும் ஒரு சுண்ணாம்பு மலை அடிவாரத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது லூயிஸ் தட்டோடு எழுந்து, மரங்களுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த கிக்கிக் என்ற சத்தத்தை நோக்கி நடந்தார். அங்கே நாலைந்து பேர் ஒரு மூங்கிலை நட்டு, அதிலிருந்து கம்பி இழுத்து, ஒரு பெட்டியின் முன் குனிந்திருந்தார்கள். கம்பியில்லாத் தந்தியைப் பொழுதுபோக்காகப் பழகும் ஈப்போக்காரர்கள். லூயிஸ் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏழாவது எழுத்துல ஒரு புள்ளி குறையுது."

தட்டிக்கொண்டிருந்தவர் ஈப்போவில் சிலிபின் பகுதியைச் சேர்ந்த சதாசிவம், குழுவின் செயலாளர். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் புள்ளி குறைந்தது உண்மை. குழுவின் உரிமம் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் பெயரில் இருந்தது. விதிகள் சதாசிவத்தின் நாக்கில் இருந்தன.

"சோதனைச் சேதி மட்டும்தான். பேரு, நேரம், சத்தம் எப்படிக் கேக்குது, மழையா வெயிலா. யாரோட சொந்தச் சேதியும் போகக் கூடாது, அது தந்தி ஆபீசு பிழைப்பு. ஒரு வரி போனாலும் ஆளு வெளியே. சம்மதமா?"

லூயிஸ் தலையாட்டினார். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவரவர் ஊரில், திறந்தவெளியில், கம்பம் நட்டுப் பேச வேண்டும். ஐம்பது மைல் தள்ளித் தெலுக் ஆன்சனில் இருந்த குழு அங்கத்தினர் ஜெயபாலனோடு லூயிஸ் பேசிக் காட்டிவிட்டால் அவர் அங்கத்தினர். இதைப் பெரிய இலட்சியம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று மாதமும் அவர் படுத்து எழுந்தது அதற்காகத்தான்.

தோட்டத்தில் மரம் இல்லாத இடம் மாரியம்மன் கோயில் முன்வெளி ஒன்றுதான். லூயிஸ் கங்காணி உடையப்பனிடம் போனார்.

"கோயில் முன்னால ஒரு கம்பம் நடணும்."

"என்னைக்குங்க?"

"வெள்ளிக்கிழமை."

அந்த வெள்ளிக்கிழமைதான் திருவிழாவுக்குக் கம்பம் நடும் நாள், மறுநாள் காலை காப்புக் கட்டு. வேதக்காரராக இருந்தாலும் கிராணிக்கு ஏதோ மனக்குறை, ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று உடையப்பனுக்குப் புரிந்துபோயிற்று. என்ன வேண்டுதல் என்று கேட்டால் பலிக்காது. அதனால் அவர் கேட்கவில்லை. அவர் சொல்லிக் கேட்ட முந்நூறு பேரும் கேட்கவில்லை.

வெள்ளி மாலை நாற்பதடி மூங்கிலை நட்டு, அதன் உச்சியிலிருந்து எதிரே ஒரு பால்மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டிவிட்டு லூயிஸ் வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தபோது மூங்கிலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. நடுவில் மஞ்சள் துணி, மாவிலை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மர முனையில் முடிச்சை அவிழ்த்து, கம்பியை இறக்கி, சாணுக்கு ஒரு கொத்து ஈர வேப்பிலை கட்டி மறுபடியும் ஏற்றியிருந்தார்கள். அவருடைய கம்பி தோரணமாகித் தொங்கிக்கொண்டிருந்தது.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க, கிராணி," என்றார் பூசாரி பத்துமலை.

கழற்றினார்.

"கைய நீட்டுங்க."

எதையோ கொடுக்கப்போகிறார் என்று நீட்டினார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஏறிவிட்டது.

"கம்பம் கொடுத்தவருக்குத்தான் மொதக் காப்பு. எட்டு நாளைக்கு எல்லை தாண்டக் கூடாது, மச்ச மாமிசம் ஆகாது. கம்பத்தையும் அதுவரைக்கும் அசைக்கக் கூடாது."

"இது தந்திக்கு," என்றார் லூயிஸ்.

"யாருக்குத் தந்தி கொடுத்தா என்னங்க, ஆத்தா வாங்கிக்குவா."

வீட்டில் பியாட்ரிஸ் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"தவக்காலம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. இது என்ன புதுசா? பாசார்ல தெங்கிரி மீன் வாங்கி வச்சிருக்கேன்."

"நீ சாப்பிடு."

"சாப்பிடத்தான் போறேன். உங்க முன்னால உக்காந்துதான் சாப்பிடுவேன்லா. பங்குச் சாமியார் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"முழுக்கைச் சட்டை போட்டுக்குவேன்."

அவளோடு அவர் பேசிய நீண்ட வாக்கியங்களில் அது ஒன்று.

ஞாயிறு பதினோரு மணிக்குக் கம்பத்தடியில் மேசை போட்டு, பெட்டியை வைத்து, காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டார். அதே நேரத்தில் தப்பும் உறுமியும் தொடங்கின. அரை மணி நேரம் பொறுத்தார். காதில் விழுந்ததெல்லாம் உறுமிதான். பன்னிரண்டு மணிக்குள் ஜெயபாலனைப் பிடிக்காவிட்டால் எல்லாம் வீண். எழுந்து பூசாரியிடம் போனார்.

"மேளத்தக் கொஞ்சம் நிறுத்தணும்."

"எதுக்குங்க?"

"தெலுக் ஆன்சன்ல ஒருத்தர் பேசுவாரு."

"என்ன பேசுவாரு?"

"தன் பேரைச் சொல்லுவாரு."

"அப்புறம்?"

"நான் என் பேரைச் சொல்லுவேன்."

"அதுக்கப்புறம்?"

லூயிஸ் யோசித்துப் பார்த்தார். "மழையான்னு கேப்பாரு."

பத்துமலை ஆகாயத்தைப் பார்த்தார். மழை இல்லை. பிறகு கையைத் தூக்கினார், மேளம் நின்றது. முந்நூறு பேர் மேசையைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு ஆடு மட்டும் கத்தியது. அதன் வாயையும் யாரோ பொத்தினார்கள்.

ஜெயபாலன் கிடைத்தார். பூச்சி கத்துவதுபோல மெலிசாக, ஆனால் தெளிவாக. லூயிஸ் பதில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மணிக்கட்டு மஞ்சள் கிழங்கு மேசையில் இடித்துத் தானும் ஒரு தந்தி அடித்தது. வேப்பிலையால் சத்தம் குறைந்ததா கூடியதா என்று லூயிஸுக்குத் தெரியவில்லை. பத்துமலைக்குச் சந்தேகமே இல்லை.

"என்னங்க சொல்றாரு?"

"அங்க தூறலாம்."

கூட்டம் ஓவென்று சிரித்தது. லூயிஸும் சிரித்துவிட்டார். வேலை முடிந்தது. அவர் அங்கத்தினர்.

அப்போது பால்வெட்டுக்காரி ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரு தெலுக் ஆன்சன்தானேய்யா? அங்க எட்டாங்கட்டைத் தோட்டத்துல என் தங்கச்சி நவமணி இருக்கா. போயி மூணு வருசமாச்சு. உசிரோட இருக்காளான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

"இதுல கேக்கக் கூடாது. கடிதாசி எழுதித் தாரேன்."

"ரெண்டு போட்டாச்சுங்க. பதிலில்ல. அங்க படிச்சுக் காட்ட ஆளில்லையோ என்னமோ."

"மழையான்னு கேக்கலாம், ஆளு இருக்காளான்னு கேக்கக் கூடாதா?" என்றாள் பின்னாலிருந்து பியாட்ரிஸ். "நல்ல சட்டம்லா இது."

சிலிபினில் சதாசிவம் பென்சிலும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அது லூயிஸுக்குத் தெரியும். பெட்டியின் ஓரத்தில் ஒரு சுவிட்சு இருந்தது என்பதும் தெரியும். அதை அணைத்துவிட்டுத் தட்டினால் சத்தம் மேசையைத் தாண்டாது. ராக்காயி கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள், சதாசிவம் காகிதத்தை மடித்து வைத்திருப்பார். யாருக்கும் குறை இல்லை. லூயிஸ் சுவிட்சில் கை வைத்தார்.

மறுவாரம் ஜெயபாலன் சைக்கிள் மிதித்து எட்டாங்கட்டைக்குப் போனதும், நவமணி இரண்டாவது குழந்தையோடு நன்றாகவே இருந்ததும், அக்காள் எட்டிப் பார்க்கவில்லை என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதச் சொன்னதும் தபாலில் வந்து சேர்ந்தன. சதாசிவத்தின் கடிதமும் அதே தபாலில் வந்தது. அது மூன்று வரி: ஆள் வெளியே.

அன்று அந்தச் சேதியை லூயிஸ் தன் பெயர் போடாமல் அனுப்பியிருக்கலாம். யார் தட்டியது என்று சதாசிவத்தால் நிரூபித்திருக்க முடியாது. லூயிஸ் சுவிட்சிலிருந்து கையை எடுத்து, முதலில் தன் பெயரை முழுதாகத் தட்டினார். பிறகு ராக்காயியின் பெயர், நவமணியின் பெயர், தோட்டம், கேள்வி. கடைசியில் மறுபடியும் தன் பெயர். புதிதாகப் பழகுகிறவனும் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளும்படி, அத்தனை நிதானமாக.